விமானக்காரர்கள் செய்த கார்

கார் ஓட்டத் தெரியாதவர்கள் கூடி ஒரு கார் செய்தார்கள். அந்தக் கார் உலகப் பந்தயங்களில் முதல் பரிசு வாங்கியது.

கட்டுக்கதை அல்ல. நடந்த சங்கதி.

காரின் பெயர் சாப். பிறந்த நாடு சுவீடன். ஐரோப்பாவின் வடக்குக் கோடியில் இருக்கிறதே, ஆண்டில் பாதி நாள் பனி மூடிக் கிடக்கும் நாடு, அதுதான். 1949-ம் ஆண்டு கடைசியில் இந்தக் கார் விற்பனைக்குத் தயாரானது. 2011-ம் ஆண்டு டிசம்பரில் கம்பெனி திவால் ஆனது. இடையில் அறுபத்திரண்டு ஆண்டுகள். அந்த அறுபத்திரண்டு ஆண்டுகளில் நடந்ததைத்தான் இன்று சொல்லப்போகிறோம்.

ஏன் சொல்லவேண்டும்? உலகத்தில் எத்தனையோ கம்பெனிகள் மூடப்படுகின்றன. கடை மூடினால் யாரும் அழுவதில்லை. ஆனால் இந்தக் கம்பெனி சாகக்கிடந்தபோது, பல நாடுகளில் ஜனங்கள் தங்கள் கார்களை எடுத்துக்கொண்டு ஊர்வலம் போனார்கள். "எங்கள் காரைக் காப்பாற்றுங்கள்" என்று கேட்டார்கள். ஒரு தகரப் பெட்டியின் மீது இவ்வளவு பிரியம் எப்படி வந்தது? இவ்வளவு பிரியம் இருந்தும் அது ஏன் பிழைக்கவில்லை?

சண்டை முடிந்தது, வேலையும் முடிந்தது

1937-ம் ஆண்டு சுவீடனில் ஒரு விமானக் கம்பெனி தொடங்கினார்கள். ஐரோப்பாவில் யுத்த மேகம் சூழ்ந்திருந்த நேரம். "நம் நாட்டு விமானப் படைக்கு நாமே விமானம் செய்வோம்" என்பது திட்டம். "சுவீடன் விமானக் கம்பெனி" என்பதைத்தான் அவர்கள் மொழியில் வைத்தார்கள். அந்தப் பெயரின் முதல் எழுத்துக்களைச் சேர்த்தால் "சாப்" என்று வரும்.

இரண்டாம் உலகப் போர் வந்தது. சுவீடன் சண்டையில் சேரவில்லை. ஆனாலும் விமானங்கள் தேவைப்பட்டன. தொழிற்சாலை இரவு பகலாக ஓடியது.

1945-ல் சண்டை நின்றது. உலகமே சந்தோஷப்பட்டது. விமானக் கம்பெனிக்கு மட்டும் கவலை! இனி யார் இத்தனை போர் விமானம் வாங்குவார்கள்? தொழிலாளர்களை வீட்டுக்கு அனுப்புவதா?

"கார் செய்யலாம்" என்று முடிவு செய்தார்கள்.

பதினாறு பேர் கொண்ட ஒரு சிறு கூட்டம் வேலையில் இறங்கியது. தலைவர் குன்னர் யுங்ஸ்ட்ரோம். அவர் விமானத்தின் இறக்கை பற்றிப் படித்த பொறியாளர். பதினாறு பேரில் கார் ஓட்டும் லைசென்ஸ் வைத்திருந்தவர்கள் இரண்டே பேர் என்று சொல்வார்கள்!

தெரியாதவர்களாக இருந்ததே நல்லதாகப் போயிற்று. கார் செய்து பழகியவனுக்கு "கார் என்றால் இப்படித்தான் இருக்கவேண்டும்" என்று ஒரு எண்ணம் இருக்கும். இவர்களுக்கு அது இல்லை. இவர்களுக்குத் தெரிந்தது விமானம். காற்றைக் கிழித்துக்கொண்டு போகவேண்டும், கனம் குறைவாக இருக்கவேண்டும், விழுந்தாலும் உள்ளே இருப்பவன் பிழைக்கவேண்டும். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு கார் செய்ய உட்கார்ந்தார்கள்.

உருவம் வரைந்து கொடுத்தவர் சிக்ஸ்டன் சாசன். பெரிய கலைஞர். புகழ் பெற்ற ஹாசல்பிளாட் காமிராவுக்கு உருவம் கொடுத்தவரும் இவர்தான். இவர் வரைந்த கார், விமானத்தின் இறக்கையைப் பக்கவாட்டில் பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. முன்னால் உருண்டை. பின்னால் வழுக்கிக்கொண்டு போகும் சரிவு.

முதல் மாதிரிக் காருக்கு அச்சு இயந்திரம் இல்லை. மரச் சட்டத்தின் மேல் தகட்டை வைத்துக் கையாலேயே தட்டித் தட்டி வளைத்தார்கள். என்ஜின் ஏது? ஜெர்மனியின் டி.கே.டபிள்யூ. காரில் இருந்த பழைய என்ஜினை எடுத்து மாட்டினார்கள். 1946-ல் அது ஓடியது. 1947 ஜூன் மாதம் பத்திரிகைக்காரர்களை அழைத்துக் காட்டினார்கள். விற்பனைக்குத் தயார் செய்ய இன்னும் இரண்டரை ஆண்டு பிடித்தது.

எல்லாம் பச்சை

1949 டிசம்பரில் வந்த அந்தக் காருக்கு "சாப் 92" என்று பெயர்.

என்ன நிறம் வேண்டும் என்று வாங்குகிறவர் கேட்க முடியாது. முதலில் வந்த கார்கள் எல்லாமே கரும் பச்சை. போர்க்காலத்தில் விமானத்துக்குப் பூச வாங்கிய வர்ணம் மிச்சம் இருந்ததாம், அதைத் தீர்த்தார்களாம்!

பின்னால் சாமான் வைக்க இடம் உண்டு. ஆனால் வெளியே இருந்து திறக்கக் கதவு கிடையாது. பின் இருக்கையை மடக்கி உள்ளே இருந்துதான் பெட்டியைத் தள்ளவேண்டும். ஜனங்கள் முணுமுணுத்த பிறகு, 1953-ல்தான் கதவு வைத்தார்கள். இதுவும் சாப்காரர்களின் குணம். தங்களுக்குச் சரி என்று பட்டதைச் செய்வார்கள். கேட்கிறவர்கள் கொஞ்ச காலம் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும்.

என்ஜின் மிகச் சின்னது. 764 சி.சி. இருபத்தைந்து குதிரை சக்திதான். ஆனால் கனம் குறைவு, காற்றும் தடுக்காது. ஆகவே மணிக்கு நூறு கிலோ மீட்டர் தாண்டி ஓடியது. அந்நாளில் பெரும்பாலான கார்களில் என்ஜின் பின் சக்கரத்தைச் சுற்றும். சாப் காரில் முன் சக்கரம் சுற்றியது. என்ஜின் கனம் முழுதும் அந்தச் சக்கரத்தின் மேலேயே அழுத்தும். அதனால் பனியில் வழுக்காது. மற்றக் கார்கள் பனியில் சிக்கிச் சுழலும்போது, இது நண்டு போல் பிடித்துக்கொண்டு ஏறிப்போகும்.

அந்த என்ஜின் இரண்டு வீச்சு என்ஜின். பழைய ஸ்கூட்டர்களுக்குப் பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஊற்றுவார்களே, அதே இனம். எளிய என்ஜின். உள்ளே சாமான் குறைவு. குளிரிலும் கிளம்பும். ஆனால் எண்ணெய் கலக்க மறந்தால் என்ஜின் போயிற்று! கலந்தாலும் புகை. சில நாள் நிறுத்தி வைத்துவிட்டுக் கிளப்பினால் தெருவே நீலப் புகையில் மறைந்துவிடும்.

அமெரிக்காவில் கர்ட் வானகட் என்று ஒரு எழுத்தாளர் இருந்தார். பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்றவர். எழுத்தில் வருமானம் போதாத காலத்தில், 1950-களின் கடைசியில், அவர் சாப் கார் விற்கும் கடை வைத்தார். கடை ஓடவில்லை. மூடிவிட்டார். பல ஆண்டு கழித்து இதைப்பற்றி வேடிக்கையாக எழுதினார். சுவீடன்காரர்களின் காரைப்பற்றிக் குறை சொன்னதால்தான் அவர்கள் தமக்கு நோபல் பரிசு கொடுக்கவில்லையாம்!

கூரை மேல் கார்ல்சன்

இந்தச் சின்னக் காரைப் பெரிய காராக்கியவர் ஒருவர் உண்டு. அவர் பெயர் எரிக் கார்ல்சன். ஊர் டிரோல்ஹெட்டான். அதாவது, சாப் கார் தொழிற்சாலை இருக்கும் அதே ஊர்.

கார்ல்சன் ஆள் மலை போல் இருப்பார். கார் தீப்பெட்டி போல் இருக்கும். இந்த ஆள் அந்தக் காருக்குள் எப்படி நுழைகிறார் என்றே பார்க்கிறவர்கள் ஆச்சரியப்படுவார்கள். காட்டுப் பாதையிலும் பனிப் பாதையிலும் இரவு பகலாக ஓட்டும் நெடும் பந்தயங்கள் உண்டு. அவற்றில் இவர் ராஜா.

பிரிட்டனின் ஆர்.ஏ.சி. பந்தயத்தில் 1960, 1961, 1962 என்று தொடர்ந்து மூன்று ஆண்டு முதல் பரிசு. மாண்டி கார்லோ பந்தயத்தில் 1962, 1963 என்று இரண்டு ஆண்டு முதல் பரிசு. போட்டிக்கு வந்த கார்களில் பலவற்றின் என்ஜின், இவருடைய என்ஜினைப்போல் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு!

எப்படி ஜெயித்தார்? சின்ன என்ஜினுக்கு வேகம் குறைந்தால் திரும்ப வேகம் பிடிக்க நேரம் ஆகும். ஆகவே அவர் வேகத்தைக் குறைப்பதே இல்லை! வளைவிலும் வலது காலால் என்ஜினை முடுக்கிக்கொண்டே, இடது காலால் பிரேக்கை மிதித்துக் காரைத் திருப்புவார். இப்படி ஓட்டினால் சில சமயம் கார் கவிழாமல் என்ன செய்யும்? கவிழும். உருண்டு எழுந்து மறுபடி ஓடும்.

சுவீடன் குழந்தைகள் படிக்கும் கதை ஒன்றில் "கூரை மேல் கார்ல்சன்" என்று ஒரு குறும்புக்காரன் வருவான். அவன் கூரை மேல் குடியிருப்பவன். நம் கார்ல்சனுடைய காரும் அடிக்கடி கூரை மேல் கிடந்தது. ஜனங்கள் அந்தப் பெயரையே இவருக்கும் சூட்டிவிட்டார்கள். ஆப்பிரிக்காவில் ஒரு பந்தயத்தில் கார் சேற்றில் மாட்டிக்கொண்டபோது, இவர் வேண்டுமென்றே காரை உருட்டி வெளியே கொண்டு வந்ததாகச் சொல்வார்கள். பத்திரிகைக்காரர்கள் நம்பவில்லையாம். "இதோ பாருங்கள்" என்று இன்னொரு தடவை உருட்டிக் காட்டினாராம்.

1963-ல் அவர் பேட் மாஸ் என்ற பெண்ணை மணந்தார். அவரும் பெரிய கார்ப் பந்தய வீராங்கனை. பிரிட்டனின் பிரபல பந்தய வீரர் ஸ்டிர்லிங் மாசின் தங்கை. நல்ல ஜோடி!

பந்தயத்தில் ஜெயித்த கார், கடையில் விற்றதா? கொஞ்ச காலம் விற்றது. பிறகு ஜனங்களுக்குப் புகையும் எண்ணெய் கலக்கும் தொல்லையும் அலுத்துவிட்டன. கம்பெனித் தலைவரோ பழைய என்ஜினை விடவில்லை. ரோல்ஃப் மெல்டே என்ற பொறியாளருக்குப் பொறுக்கவில்லை. அவர் தலைவரைத் தாண்டி, கம்பெனியின் சொந்தக்காரர்களான வாலன்பெர்க் குடும்பத்தாரிடம் போய்ப் பேசினார். ரகசியமாகச் சோதனை நடந்தது. 1967-ம் ஆண்டு மாடலில் ஃபோர்டு கம்பெனியின் நான்கு வீச்சு என்ஜின் வந்துவிட்டது. விற்பனை ஏறியது. வேலை போனாலும் போகட்டும் என்று துணிந்த ஒரு மனிதர், அந்தத் தடவை கம்பெனியைக் காப்பாற்றினார்.

சாவி எங்கே?

1967 நவம்பரில் "சாப் 99" என்ற புதுக் காரைக் காட்டினார்கள். முன்னைவிடப் பெரியது.

இந்தக் காரில் ஏறிய புதியவர்கள் சாவி போடும் துவாரத்தைத் தேடித் தேடி அலுத்துப்போவார்கள். மற்றக் கார்களில் அது ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கும். சாப் காரில் இரண்டு முன் இருக்கைகளுக்கும் நடுவே, தரையை ஒட்டி, கியர்த் தண்டுக்குப் பக்கத்தில் இருக்கும்!

விசித்திரம் என்று சிரித்தார்கள். காரணம் கேட்டால் சிரிப்பு வராது. கார் எதிலாவது மோதினால் ஓட்டுகிறவரின் முழங்கால் முன்னால் போய் இடிக்கும். அங்கே சாவி நீட்டிக்கொண்டிருந்தால் முழங்கால் சில்லு தெறித்துவிடும். அதற்காகத்தான் சாவியை அப்பால் கொண்டுபோனார்கள். அதோடு இன்னொரு லாபம். காரைப் பின்னால் செலுத்தும் கியரில் போட்டால்தான் சாவியை வெளியே எடுக்க முடியும். சாவி இல்லாமல் கியரை மாற்ற முடியாது. திருடனுக்குத் திண்டாட்டம்!

இப்படியே ஒவ்வொன்றும். விளக்குக் கண்ணாடியில் பனியும் சேறும் படிந்தால் வழி தெரியாது என்று, முன் விளக்குக்கே துடைப்பான் வைத்தார்கள். குளிரில் இருக்கை சில்லென்று இருக்கிறதே என்று, 1971-ல் இருக்கைக்குள் மின்சாரச் சூடு வைத்தார்கள். மெதுவாக இடித்தால் தானே பழைய உருவத்துக்கு வந்துவிடும் பம்பர் வைத்தார்கள்.

சுவீடன் காடுகளில் மூஸ் என்ற பெரிய மான் உண்டு. முந்நூறு, நானூறு கிலோ கனம் இருக்கும். கால்கள் நீளம். இரவில் திடீரென்று சாலையில் வந்து நிற்கும். கார் மோதினால் அதன் காலைத்தான் வெட்டும். முழு உடம்பும் கண்ணாடியை உடைத்துக்கொண்டு ஆள் மேல் விழும். ஆகவே சாப்காரர்கள், கண்ணாடியைத் தாங்கும் இரண்டு தூண்களையும் கூரையையும் மிகப் பலமாகச் செய்தார்கள். அதனால் உயிர் பிழைத்தவர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவர் வேறு கார் வாங்குவாரா?

1977-ல் இன்னொரு அதிசயம். என்ஜினில் இருந்து புகை வெளியே போகிறதல்லவா? அந்தப் புகையின் வேகத்தில் ஒரு சின்ன விசிறியைச் சுற்றவிட்டார்கள். அந்த விசிறி, என்ஜினுக்குள் அதிகக் காற்றை அழுத்தித் தள்ளும். சின்ன என்ஜின் பெரிய என்ஜினைப்போல் இழுக்கும். இதற்கு டர்போ என்று பெயர். டர்போவைக் கண்டுபிடித்தவர்கள் சாப்காரர்கள் அல்ல. லாரிகளில் அது முன்பே இருந்தது. பந்தயக் கார்களிலும் இருந்தது. ஆனால் குடும்பம் ஏறிப்போகும் காரில், தினசரி ஓட்டத்துக்கு ஏற்றபடி பழக்கிக் காட்டியவர்கள் இவர்கள். இன்று உலகில் கோடிக்கணக்கான கார்களில் டர்போ இருக்கிறது.

1978-ல் "சாப் 900" வந்தது. பதினைந்து ஆண்டு ஓடிய மாடல். ஒன்பது லட்சம் கார்கள் செய்தார்கள். டாக்டர்களும் கல்லூரி ஆசிரியர்களும் கட்டடக் கலைஞர்களும் விரும்பி வாங்கினார்கள். "நான் பணக்காரன்" என்று காட்டிக்கொள்ள வேறு கார். "நான் யோசிக்கிறவன்" என்று காட்டிக்கொள்ள சாப் கார். இதிலும் கொஞ்சம் கர்வம் இல்லாமல் இல்லை!

பெரிய இடத்துச் சம்பந்தம்

இவ்வளவு நன்றாகச் செய்தும் பணம் நிற்கவில்லை.

ஏன் என்று கணக்குப் பார்ப்போம். ஒரு புதுக் கார் மாடலை உருவாக்கக் கோடி கோடியாகச் செலவாகும். அந்தச் செலவை ஐம்பது லட்சம் கார்கள் மேல் பங்கிட்டால், ஒரு காருக்குச் சிறு தொகைதான் விழும். ஒரு லட்சம் கார்கள் மேல் பங்கிட்டால், ஒவ்வொரு கார் மேலும் பாறாங்கல் போல் உட்காரும். சாப் கம்பெனி தன் நல்ல ஆண்டுகளிலும் 1,30,000 கார்களுக்குமேல் அதிகம் தாண்டியதில்லை. சின்னக் கம்பெனியாக இருந்துகொண்டு பெரிய கம்பெனியின் செலவைச் செய்தது.

துணை தேடாமல் இல்லை. 1960-களின் கடைசியில் ஸ்கானியா-வாபிஸ் என்ற லாரிக் கம்பெனியோடு இணைந்தது. 1977-ல் சுவீடனின் இன்னொரு கார் கம்பெனியான வோல்வோவோடு சேரப் பேச்சு நடந்தது. சில மாதங்களில் பேச்சு முறிந்தது. 1984-ல் இத்தாலிக் கம்பெனிகளோடு செலவைப் பகிர்ந்துகொண்டு "சாப் 9000" செய்தார்கள். இது நல்ல கார். ஆனாலும் பெட்டி நிறையவில்லை.

1990-ல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ், சாப் கார்த் தொழிலில் பாதியை வாங்கியது. 2000-ல் மீதிப் பாதியையும் வாங்கியது. விமானத் தொழில் தனியாகப் பிரிந்து நின்றது.

ஜெனரல் மோட்டார்ஸ் சாதாரணக் கம்பெனியா? 2007-ம் ஆண்டு மட்டும் தொண்ணூறு லட்சத்துக்குமேல் கார்கள் விற்ற கம்பெனி. அந்த வீட்டுக்கு மருமகளாகப் போனது சாப்.

மாமியார் வீட்டில் சொன்னார்கள்: "நம் மற்றக் கார்களுக்குச் செய்யும் அடித்தளமே உனக்கும் போதும். மேலே உன் சட்டையைப் போட்டுக்கொள்." கணக்குப்படி இது நியாயம்தான். செலவு குறையும். 1993-ல் வந்த புது 900, ஓப்பல் கம்பெனிக் காரின் அடித்தளத்தில் கட்டியது. சாப் பொறியாளர்களுக்கு மனம் ஒப்பவில்லை. இதை மாற்றினார்கள், அதைப் பலப்படுத்தினார்கள். மாற்ற மாற்றச் செலவு ஏறியது. மாற்றியும் பழைய சாப் ஆகவில்லை. இரண்டுக்கும் நடுவில் நின்றது.

2000-க்குப் பிறகு கூத்து முற்றியது. ஜப்பானின் சுபாரு காருக்கு முகத்தை மாற்றி, சாப் முத்திரை குத்தி அமெரிக்காவில் விற்றார்கள். பிறகு ஒரு பெரிய அமெரிக்க ஜீப் வகை வண்டிக்கும் சாப் முத்திரை குத்தினார்கள். அதைச் செய்தது அமெரிக்காவில் ஒஹையோ மாகாணத்தில். சுவீடன் காற்றுகூடப் படாத வண்டி. இது சாப் என்று எப்படி நம்பவைப்பது? சாவித் துவாரத்தை எடுத்து, இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில் கொண்டுபோய் வைத்தார்கள்!

முழங்காலைக் காப்பாற்ற ஒருவர் யோசித்துச் செய்த ஏற்பாடு, பூசிக்கொள்ளும் நெற்றிப்பொட்டு ஆகிவிட்டது. சாப் கார் செத்த நாள் எது என்று நம்மைக் கேட்டால், 2011 டிசம்பர் என்று சொல்லமாட்டோம். இந்தச் சாவியை இடம் மாற்றிய நாளைச் சொல்வோம்.

ஆனால் பழி முழுவதையும் அமெரிக்காக்காரன் தலையில் போடுவது சரியல்ல. நஷ்டம் காட்டிய கம்பெனியில் இருபது ஆண்டு பணம் போட்டவனும் அவன்தான். 1989-ல் மால்மோ நகரில் புதுத் தொழிற்சாலை திறந்து 1991-ல் மூடினார்களே, அந்தத் தொழிற்சாலையைத் திட்டமிட்டவர்கள் சுவீடன்காரர்களேதான். சாப்காரர்களிடமும் ஒரு பிடிவாதம் உண்டு. "நன்றாகச் செய்தால் போதும், விலை தானே வரும்" என்ற பிடிவாதம். நல்ல சாமான் செய்கிற கைக்குக் கணக்கு எழுதத் தெரியாமல் போவது புதிதல்ல.

சம்பளம் வரவில்லை

2008-ல் உலகப் பணச் சந்தை சரிந்தது. ஜெனரல் மோட்டார்சே தள்ளாடியது. 2009 ஜூனில் அதுவும் திவால் மனுக் கொடுத்தது. தன் பிழைப்பே பெரும்பாடு. மருமகளை யார் பார்ப்பது? சாப் விற்பனைக்கு வந்தது.

சுவீடன் சர்க்காரைக் கேட்டார்கள். "சர்க்கார் கார்த் தொழிற்சாலையை வாங்கி நடத்தாது" என்று மந்திரி சொல்லிவிட்டார். கோனிக்செக் என்ற சின்னஞ்சிறு சுவீடன் கம்பெனி வாங்க வந்தது. 2009 நவம்பரில் பின்வாங்கிவிட்டது. "மூடிவிடப் போகிறோம்" என்ற பேச்சு வந்தபோதுதான், நாம் முதலில் சொன்ன கார் ஊர்வலங்கள் நடந்தன. 2010 ஜனவரி. கடும் குளிர். பல நாடுகளில் சாப் சொந்தக்காரர்கள் கார்களை வரிசையாக ஓட்டி வந்து நின்றார்கள்.

அந்த மாதமே ஒருவர் வாங்க முன்வந்தார். ஹாலந்து தேசத்தின் விக்டர் முல்லர். அவருடைய ஸ்பைக்கர் கம்பெனி ஆண்டுக்குச் சில பந்தயக் கார்கள் மட்டும் செய்யும் கம்பெனி. எலி யானையை வாங்கியது! சுவீடன் சர்க்கார் ஜாமீன் நின்று, ஐரோப்பிய முதலீட்டு வங்கி நாற்பது கோடி யூரோ கடனுக்கு ஒப்புக்கொண்டது. புதுக் கார் ஒன்றும் வந்தது.

ஜனங்கள் வாங்கத் தயங்கினார்கள். நாளைக்குக் கம்பெனி இருக்குமா, உதிரிச் சாமான் கிடைக்குமா என்ற பயம். பயத்தால் விற்பனை குறைந்தது. விற்பனை குறைந்ததால் பயம் கூடியது. 2011 ஏப்ரலில், சாமான் கொடுத்து வந்தவர்கள் "பாக்கியைக் கொடு, பிறகு சாமான்" என்று நின்றுவிட்டார்கள். தொழிற்சாலை நின்றது. நடுவில் கொஞ்ச நாள் ஓடி மறுபடி நின்றது.

டிரோல்ஹெட்டான், யோத்தா ஆற்றங்கரையில் இருக்கும் சிறு நகரம். அருவியும் கால்வாயும் மின்சார நிலையமும் உள்ள ஊர். சாப்தான் ஊருக்குச் சோறு. அப்பா வேலை செய்த இடத்தில் மகன், மகன் வேலை செய்த இடத்தில் பேத்தி. மூவாயிரத்துக்கும் அதிகமானவர்கள் அப்போது கம்பெனியில் இருந்தார்கள். அவர்கள் தினமும் வந்தார்கள். செய்ய வேலை இல்லை. பிறகு சம்பளமும் தவறத் தொடங்கியது.

சுவீடனில் ஒரு சட்டம் உண்டு. கம்பெனி திவால் ஆனால், தொழிலாளியின் சம்பளப் பாக்கியை ஒரு வரம்பு வரையில் சர்க்காரே கொடுக்கும். நல்ல சட்டம். ஆனால் கம்பெனி திவால் ஆகாமல் இழுத்துக்கொண்டே கிடந்தால்? சம்பளமும் இல்லை, சர்க்கார் பணமும் இல்லை. தொழிலாளியின் கடன்காரன் காத்திருப்பானா? வீட்டு வாடகை காத்திருக்குமா?

2011 செப்டம்பரில் தொழிற்சங்கங்கள் கோர்ட்டுக்குப் போயின. "எங்கள் கம்பெனியைத் திவால் என்று அறிவியுங்கள்" என்று மனுக் கொடுத்தன!

எண்ணிப் பாருங்கள். தாங்கள் வளர்த்த தொழிலை மூடச் சொல்லித் தாங்களே கையெழுத்துப் போடவேண்டும். போட்டால்தான் வீட்டில் அடுப்பு எரியும். போடாவிட்டால், நாளை யாராவது வந்து காப்பாற்றுவார் என்று இன்னும் கொஞ்ச நாள் நம்பிக்கொண்டிருக்கலாம். முதலாளிகள் கைமாறிக்கொண்டே இருந்தார்கள். வங்கிகள் பேசிக்கொண்டே இருந்தன. முடிவு எடுக்கவேண்டிய சுமையோ, திருப்புளி பிடித்த கைக்கு வந்து சேர்ந்தது. இந்தக் கதையில் நமக்கு ஆறாத இடம் இதுதான். கம்பெனி தோற்பது வியாபாரத்தில் உண்டு. தோற்றதைச் சொல்லும் பொறுப்பைத் தொழிலாளி மேல் போடுவது என்ன நியாயம்?

கோர்ட்டு இன்னொரு தவணை கொடுத்தது. சீனாவில் இருந்து வாங்குவதற்கு ஆட்கள் வந்தார்கள். பணம் இருந்தது, ஆசையும் இருந்தது. ஆனால் சாப் கார்களில் இருந்த பல நுட்பங்கள் ஜெனரல் மோட்டார்சுக்குச் சொந்தம். சீனாவில் அதற்கு ஏற்கெனவே கூட்டாளி உண்டு. "எங்கள் நுட்பம் போட்டிக்காரர் கைக்குப் போக விடமாட்டோம்" என்று மறுத்துவிட்டது. விற்ற பிறகும் கழுத்துக் கயிறு பழைய வீட்டில்தான் இருந்தது.

2011 டிசம்பர் 19. கிறிஸ்துமசுக்கு ஆறு நாள். விக்டர் முல்லர் கோர்ட்டுக்குப் போய்த் திவால் மனுவைக் கொடுத்தார். அன்றே ஏற்கப்பட்டது.

மிச்சம்

2012-ல் நெவ்ஸ் என்ற புதுக் கம்பெனி தொழிற்சாலையை வாங்கியது. மின்சாரக் கார் செய்வது அதன் நோக்கம். 2013 டிசம்பரில் பழைய மாடல் கார்களைக் கொஞ்சம் செய்தது. 2014 மே மாதம் நின்றது. அதன்பின் "சாப்" என்ற பெயரை வைத்துக்கொள்ளும் உரிமையும் போயிற்று. பிற்பாடு எவர்கிராண்டு என்ற சீன நிறுவனம் கைக்கு மாறியது. அந்த நிறுவனமே கடனில் மூழ்கியது. 2023-ல் நெவ்ஸ் தன் ஆட்களில் பெரும்பாலோரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

சாப் விமானக் கம்பெனி மட்டும் நன்றாக இருக்கிறது. கிரிபன் என்ற போர் விமானம் செய்து பல நாடுகளுக்கு விற்கிறது. சண்டை நின்றுவிட்டதே என்று கார் செய்யப் போனவர்களின் தொழிலில் கடைசியில் நிலைத்தது விமானம்தான். உலகம் அப்படி இருக்கிறது.

எரிக் கார்ல்சன் 2015-ல் காலமானார். தாம் ஓட்டிய கார் திவால் ஆனதையும் பார்த்துவிட்டுத்தான் போனார்.

டிரோல்ஹெட்டானில் கம்பெனிக்குச் சொந்தமாக ஒரு கார்க் காட்சிசாலை இருந்தது. திவாலானபோது கடன்காரர்களுக்குக் கொடுக்க எல்லாவற்றையும் விற்கவேண்டும் அல்லவா? 2012 ஜனவரியில் காட்சிசாலைக் கார்களும் ஏலத்துக்கு வந்தன. ஊரே பதறியது. ஒவ்வொரு காரும் ஒவ்வொரு பணக்காரன் கொட்டகைக்குப் போய்விடுமே! அப்போது டிரோல்ஹெட்டான் நகரசபையும், விமானக் கம்பெனியும், வாலன்பெர்க் குடும்பத்தின் அறநிலையமும் சேர்ந்து, கார்களை மொத்தமாக வாங்கின. ஒன்றும் ஊரைவிட்டுப் போகவில்லை.

காட்சிசாலை இன்றும் இருக்கிறது. மரச் சட்டத்தின் மேல் வைத்துக் கையால் தட்டினார்களே, அந்த முதல் காரும் அங்கே நிற்கிறது. பின்னால் சாமான் கதவு இல்லாத கார். போகிறவர்கள் பார்த்துவிட்டு வரலாம்.